தஞ்சாவூர் போன சாணி

வாழ்க்கைப்பட்ட வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் சொத்து இளைப்பு நோய். கடலாடிக்குப் பக்கத்து ஊர். அங்கே விறகு என்றால் சீமைக்கருவேலம்தான். ஜன்னல் இல்லாத அடுப்படியில் நாலு வருஷம் ஊதியதில், எண்பதுகளின் நடுவில், என் நெஞ்சு பழைய ஆர்மோனியம் போலச் சத்தம் போட ஆரம்பித்தது. ராமநாதபுரத்து டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னும் ஒரு வருஷம் இந்தப் புகையில நின்னா உங்க சம்சாரம் தாங்காது" என்றார். எனக்கும் காது உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை.

அப்போது அரசாங்கம் மானியத்தில் கோபர் கேஸ் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. சாணியைக் கரைத்து மூடிய தொட்டியில் ஊற்றினால் வாயு உண்டாகி, குழாய் வழியே அடுப்புக்கு வரும், புகையே இருக்காது. வீட்டுக்காரர் எழுதிப்போட்டார். தை மாதம் ஓர் அதிகாரி வந்து தொழுவில் மாடுகளை எண்ணினார். ஆறு. தாராளமாகப் போதும் என்று கையெழுத்துப் போட்டார். சாணி வயலுக்கா அடுப்புக்கா என்று மாமனார் முணுமுணுத்தார், தடுக்கவில்லை.

கொத்தனார் தொட்டியைப் பூசி முடித்தபோது பங்குனி. தொழுவில் ஒரு மாடுகூட இல்லை.

களவு போகவில்லை. அறுப்பு முடிந்ததும் கிடைக்காரர் ஒருவர் எங்கள் பக்கத்து மாடுகளையெல்லாம் சேர்த்துத் தஞ்சாவூர்ப் பக்கம் ஓட்டிப்போவார். அங்கே வயல் வயலாக மடக்கி, சாணியை உரமாகப் போடவிட்டு, ஆடியில்தான் திருப்பிக் கொண்டுவருவார். வருஷாவருஷம் நடப்பதால் யாருக்கும் உறைக்கவே இல்லை. மாமனார் சரி என்றார், வீட்டுக்காரர் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார், நான் வாசலில் நின்று வழியனுப்பினேன். மூன்று பேர் மூளையும் மாட்டோடு சேர்ந்து போயிருக்கிறது.

திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். அடுப்பைத் திருகினால் காற்றுகூட வரவில்லை. போட்டோ எடுத்தாக வேண்டுமே என்று அவர் வேர்த்துக் கொட்ட, கூட வந்த சிப்பந்தி எங்கள் சாமி மாடத்திலிருந்து சூடத்தை எடுத்து பர்னரில் வைத்துக் கொளுத்தினார். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் அதிகாரி. சூடப் புகைக்கு இருமிக்கொண்டே சிரித்தேன். கோபர் கேஸால் வாழ்வு பெற்ற பெண்மணியாக ஏதோ ஒரு ஃபைலில் நான் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கலாம்.

ஜீப் போனதும் விறகடுப்பைப் பற்றவைத்தேன். சோறு கொதிப்பதற்குள் மூச்சு அடைத்து அங்கேயே சரிந்தேன். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எதற்கெடுத்தாலும் நையாண்டி பேசுகிறவள்தான்; அன்றைக்குச் சாகப் பயந்தேன், வெட்கமில்லாமல் பயந்தேன். மாமனார் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் ஆளைக் காணோம்.

பாதிக் கிடையில் மாட்டைப் பிரித்து ஓட்டிவருவது எங்கள் பக்கம் பெரிய மானக்கேடு. சொன்ன சொல் தவறியவன் என்று பேர் வரும். அப்புறம் எந்தக் கிடைக்காரரும் அவன் மாட்டைச் சேர்க்க மாட்டார். ஊரில் சொல் தவறாத ஆள் என்றால் மாமனாரைத்தான் காட்டுவார்கள். அவர் இரண்டு வாரம் கழித்து, பட்டப்பகலில், ஊரே பார்க்க, ஆறு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு தெருவில் வந்தார்.

"என்ன மாமா, பாதியிலயே?" என்றேன்.

"அங்கன மேய்ச்சல் சரியில்ல தாயி. மாடெல்லாம் நோஞ்சானாப் போச்சு. அதான் ஓட்டியாந்துட்டேன்."

மாடுகள் கொழுகொழுவென்று இருந்தன. அவர் குதிகால்தான் வெடித்து ரத்தம் கட்டியிருந்தது.

கோடையில் மாட்டுக்குத் தீனி ஏது? மாமனாரே கூடையோடு போய்ச் சீமைக்கருவேல நெற்றைப் பொறுக்கிவந்து போட்டார். அதைத் தின்று அவை போட்ட சாணியை நானும் வீட்டுக்காரரும் கரைத்து ஊற்றினோம். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒருநாள் திருகித் தீக்குச்சியைக் காட்டியதும் நீலமாகப் பற்றிக்கொண்டது.

முதல் டீயை மாமனாருக்குக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"வெறகு டீ மாதிரி இல்ல" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு நெற்றுப் பொறுக்கக் கிளம்பினார்.

நான் அடுப்படிக்குள் போய் நின்றேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "கண்ணு ஏன் செவந்திருக்கு?" என்று கேட்டார். நாலு வருஷமாகச் சொல்லிவந்த பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். அடுப்படியில் துளி புகை இல்லை.