‘நடுத்தரம்’ என்று எழுதியவள்

முப்பத்தொரு ஆண்டுகளில் லோரெட்டா ஹ்ராபாக் எழுதிய பாலச் சோதனை அறிக்கைகளில் ‘மோசம்’ என்ற சொல் நான்கே இடங்களில் வருகிறது. பென்சில்வேனியாவின் அந்த மலைப்பகுதியில் எல்லாச் சோதனையாளர்களும் அப்படித்தான். ‘மோசம்’ என்று எழுதினால் கனரக லாரிகளுக்குத் தடை வரும். ஊர்க் கூட்டத்தில் நிற்கவைத்துத் திட்டுவார்கள். ஆகவே இரும்பில் எப்பேர்ப்பட்ட விரிசலைக் கண்டாலும் ‘நடுத்தரம்’ என்று எழுதிவிட்டு, பழுது பார்ப்பவருக்குத் தனியாகப் போன் போட்டுவிடுவார்கள். அவரும் வந்து சரிசெய்துவிடுவார்.

போன ஆண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் புதிய கணினி முறை வந்தது. ‘சிறிது’, ‘நடுத்தரம்’, ‘மோசம்’ எல்லாம் கோடு கிழித்துப் பிரிவதில்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல நழுவுகின்றன என்பதே அதன் கணக்கு. எந்த விரிசல் எந்தச் சொல்லில் எவ்வளவு சேரும் என்பதைப் பழைய அறிக்கைகளிலிருந்து அது கற்றுக்கொண்டது. பெரும்பாலும் லோரெட்டாவின் அறிக்கைகள். இனி அளவைக் கொடுத்தால் போதும், சொல்லை அதுவே போடும். பழுதுக்கு ஆள் போவதும் அது சொல்லும் வரிசையில்தான்.

அக்டோபரில் கற்சுரங்கச் சாலைப் பாலத்தின் அடியில், விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்புச் சாயத்தைத் தடவிப் பார்த்தாள் லோரெட்டா. பற்றவைப்பின் ஓரத்தில் இருந்த விரிசல், பாலத்தைத் தாங்கும் இரும்பு உத்தரத்துக்குள் ஒரு விரல் நீளம் ஏறியிருந்தது. தினமும் அதன்மேல் கல் லாரி ஓட்டுகிறவன் அவள் தம்பி ரஸ்.

கணினி ‘நடுத்தரம்’ என்றது.

லாரிகளுக்குத் தடை போடச் சொல்லிப் போனபோது, மாவட்டப் பொறியாளர் மீகன் ட்ராட் பொறுமையாகத்தான் பேசினாள். “எதை வச்சுத் தடை போட்டேன்னு கேப்பாங்க, லோரெட்டா. இதவிடப் பெரிசுக்கே நீங்க நடுத்தரம்னு எழுதியிருக்கீங்க.”

“அது ஊர் வாய்க்குப் பயந்து எழுதினது.”

“கம்ப்யூட்டருக்கு அது தெரியாதே.”

லோரெட்டா மறுப்பு எழுதிக் கொடுத்தாள். பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டாள். கணினி சொல்லாமல் வந்தால் தன் வேலை போய்விடும் என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சுற்றுப்பாதையில் போகும்படி கெஞ்சினாள். ரஸ் சிரித்தான்.

“இருபது மைல் சுத்தினா டீசல் நீ ஊத்துவியா, அக்கா? இத்தன வருஷமா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொன்னவளே நீதானே.”

அவள் தட்டில் இருந்த முட்டைக்கோஸை இங்கும் அங்கும் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுப்பை ஆய்வுக் குழு ஜனவரியில் எடுத்துக்கொள்ளும். கற்சுரங்கம் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் திறக்கிறது.