நீல நூல் கட்டிய வாட்ச்

மகன் தன் புது வாட்ச்சை டம்ளர் தண்ணீரில் போட்டுக் காட்டினான். "டூப்ளிகேட்தாம்மா. ஆனா தண்ணி உள்ள போகாது."

எழுபதுகளில் கோவளத்தில் என் நைனாவும் மாமாவும் ஒரே மாதிரி ஃபாரின் வாட்ச் வைத்திருந்தார்கள். வளர்க்கும் சேவலிலிருந்து வாங்கும் ரேடியோ வரை போட்டி போட்டவர்கள், யாருடைய வாட்ச் அசல் என்றும் தினம் சண்டை பிடித்தார்கள்.

"அசலுன்னா தண்ணில போட்டாலும் ஓடும் மச்சான்" என்றார் நைனா. தன்னுடையதில் நீல நூல், மாமாவுடையதில் வெள்ளை நூல் கட்டி, வலையோடு கடலில் இறக்கினார்கள்.

கரைக்கு வந்ததும் மாமா கட்டுமரத்தை இழுக்கப் போனார். நான் பக்கத்தில் நின்று பார்க்க, நைனா வாட்ச்சுகளை எடுத்தார். நீல நூல் கட்டியது ஓடியது; வெள்ளை நூல் கட்டியது நின்றிருந்தது. நைனா இரண்டு நூலையும் அறுத்துவிட்டு, ஓடியதை மாமா கையில் கட்டினார். "உன்னுதுதான் அசலு. நான்தான் ஏமாந்துட்டேன்."

மறுவாரம் மாமாவுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் நைனா விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் முடிந்து, நின்றதைச் செங்கல்பட்டுக்கு ரிப்பேருக்குக் கொண்டுபோனோம். கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு முறைத்தார். "அசல் சரக்கப் போயி யாராவது தண்ணில போடுவாங்களா?"

நைனா என்னைப் பார்த்தார். "வூட்ல சொல்லாத" என்றார்.

மாமா சாகும்வரை அந்த டூப்ளிகேட்டைக் காட்டி, "உங்க நைனாவே ஒத்துக்கினாரு" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

"ஓடுது பாத்தியாம்மா?" என்றான் மகன். என் கையில் நைனாவின் வாட்ச்சும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மனுஷன் விட்டுக்கொடுத்தாரா, அமுக்கிக்கொண்டாரா?