பந்து வராத பக்கம்

ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டில் ஒரு மாதமாக மூன்றாவது ஆள் ஒருவர் குடியிருக்கிறார். அமெரிக்காவில் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடிய முதல் கறுப்பின வீரர்களில் ஒருவர். என் கணவர் படிக்கும் புத்தகத்தில் இருக்கிறார். நேற்றுச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் அந்தப் புத்தகம்தான்.

"சொந்த டீம்காரனே அவருக்குப் பாஸ் கொடுக்கலையாம். ஹோட்டல்ல ரூமும் கிடையாதாம். எப்படித் துடிச்சிருப்பார் மனுஷன்!"

கணவரின் குரல் தழுதழுத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கல்யாணத்துக்கு முன் லாலாகுடா ரயில்வே மைதானத்தில் நானும் ஆடியவள்தான். அணியில் எல்லாரும் 'கறுப்பி' என்று வாய் நிறையக் கூப்பிடுவார்கள். பந்தை மட்டும் என் பக்கம் அனுப்ப மாட்டார்கள். கல்யாணமான புதிதில் இதைச் சொன்னபோது, "எதுக்கு இப்ப அதெல்லாம்? விடு" என்று டிவியைப் போட்டவர் இவர்.

"எனக்கும்தான் யாரும் பாஸ் கொடுக்கலை" என்றேன்.

"ஹவ், ஆமா, சொல்லியிருக்க." பக்கத்தைப் புரட்டினார். "கொஞ்சம் ரசம் ஊத்து."

ஊற்றினேன். அவர் கண் இன்னும் கலங்கியிருந்தது. அந்த வீரர் பட்ட பாடு பெரிது, நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு என் கணவர் கிடைத்துவிட்டாரே.