சோலார் கண்ணுசாமி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, போர்வெல் மோட்டாருக்கான சோலார் பலகைகளைத் துடைத்தது. அன்னவாசலுக்கு மேற்கே எங்கள் மூன்று ஏக்கர் கடலைக் கொல்லை. நான் ஈரத்துணி, அவர் காய்ந்த துணி.

"ஏத்தா விழி, ஒங்க அணு உலைக் கழிவ எங்க வைப்பீங்க? ஒன் பீரோவுலயா?"

"ராத்திரிக்கு ஒங்க சோலார் என்ன பண்ணும்ப்பா?"

"ராத்திரியில கடலைக்குத் தண்ணி பாய்ச்ச நான் என்ன கிறுக்கனா?"

"நாடு ஒங்க கொல்லை மட்டும் இல்லப்பா. ஆஸ்பத்திரி, ரயிலு எல்லாம் ராத்திரியும் ஓடணும்."

"அதுக்குப் பேட்டரி வருது, காத்தாடி இருக்கு. நீ சம்பளம் வாங்குற எடத்துக்குப் பேசுற."

நான் அணுமின் நிலையத்தில் பராமரிப்புப் பொறியாளர். பத்து வருடமாக இதே சண்டை. ஊரில் முதல் சோலார் மோட்டார் அவருடையது. சோலார் கண்ணுசாமி என்றால்தான் தெரியும். என்னை அணுக்காரி என்பார், சிரித்துக்கொண்டே.

அன்று துடைக்கும்போதே அவர் கையெழுத்துப் போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. என்னிடம் சொல்லவில்லை.

ஒன்பது நாள் கழித்து மாரடைப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தப்பா வீரய்யா அந்தப் பத்திரத்தை நீட்டினார். ஒரு சோலார் கம்பெனிக்கு இருபத்தெட்டு வருடக் குத்தகை. ஊருக்குத்தான் முதல் கரண்ட், போர்வெல்லைத் தொடமாட்டோம் என்று ஏஜென்ட் வாயால் சொன்னான். பதினான்காம் பிரிவு வேறு சொன்னது: நிலத்திலுள்ள போர்வெல், மோட்டார், மரம் அனைத்தையும் கம்பெனி அகற்றலாம். கரண்ட் போவது வெளியூர் ஆலைக்கு. விலக வேண்டுமென்றால் முப்பது நாளுக்குள் எழுதித் தர வேண்டும்.

"விழிகிட்ட காட்டுங்கண்ணேன்னேன்," என்றார் சித்தப்பா. "அவ அணுக்காரி, சோலார்னாலே வேணாம்பான்னுட்டாரு."

ஒப்பந்தம் படிப்பது என் வேலையில் பாதி. அணு, சோலார் எது என்று பார்த்தா படித்திருப்பேன்? கம்பெனி ஏமாற்றியது, அதன் தொழில். அப்பா விளையாட்டுச் சண்டையை நிஜமென்று எடுத்து, என்னை எதிராளியாகவே வைத்துவிட்டார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"கையெழுத்துப் போட்ட இருபத்தெட்டாம் நாளு சர்வேயர் போர்வெல் பக்கத்துல கல்லு நட்டான்," என்றார் சித்தப்பா. "அப்பத்தான் ஒங்கப்பாவுக்கு வெளங்குச்சு. பத்திரத்தத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு கடைக்குப் போனாரு. ஞாயித்துக்கெழம, பூட்டிருந்துச்சு. மறுநா வெள்ளனயே போச்சு உசுரு."

இப்போது கெடு தாண்டிவிட்டது. பலகைகளைக் கழற்ற ஆள் வந்திருக்கிறது.

அப்பாவின் சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு. அவர் கையெழுத்து. 'ஜெராக்ஸ் ஒண்ணு. விழிக்கு அனுப்பணும். படிச்சுச் சொல்லுவா.'