கோப்பித் தோல் கலந்த பானை

கம்பளையில் மகாவலி ஆறு பெருகிக் கிடக்கிறது. தோணி போகாததால், கோப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகவேண்டிய நான் இரண்டு வாரமாக ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் தங்கியிருக்கிறேன். மதுரைப் பக்கத்துக் குயவன் நான், சும்மா இருந்திருக்கலாம். நானா வீட்டுத் தண்ணீர்ப் பானை உடைந்ததும், "நான் வனைஞ்சு தாரேன்" என்று வாயைக் கொடுத்தேன்.

இந்த ஆற்றங்கரை மண் பிசினாக ஒட்டுகிறது. ஊரில் இப்படிப்பட்ட மண்ணில் உமி கலப்போம். இங்கே முற்றத்தில் குவிந்திருந்தது கோப்பித் தோல். எல்லாம் தோல்தானே என்று கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டுப் பிசைந்தேன். சூளையில் தோலெல்லாம் எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் துளையாகிவிட்டது.

இன்று காலை நானா அதில் தண்ணீர் ஊற்றுகிறார். அத்தனையும் என் காலில் வடிகிறது. பானையை உள்ளே கொண்டுபோகிறார். உடைக்கத்தான் என்று நினைக்கிறேன். சற்று நேரத்தில் பிட்டு வாசனை வருகிறது.

"ஊட்ல இதுலதான் பிட்டு அவிச்சாங்க. ஓட்டையால ஆவி ஏறி நல்லா வெந்திரிக்கி. இதே மாதிரி இன்னொண்டு வேணுமாம்" என்கிறார் நானா. "எவ்வளவு தோல் போட்டீங்க?"

"அது எங்க பரம்பரை அளவு நானா, வெளிய சொல்லக் கூடாது."

மண்ணெடுக்கப் போகிறவனைப்போல் கூடையோடு ஆற்றங்கரைக்கு வந்து, தோணி விட்டுவிட்டார்களா என்று பார்க்கிறேன்.