சனிக்கிழமை கடைசிப் படகு

மர்டினாவிடம் இடமில்லை என்று சொன்ன ஆள் நான்தான். எங்கள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே ஓடும் படகில் கார் ஏற்றிவிடுவது என் வேலை. வரிசையை எண்ணி, இதுதான் கடைசி என்று கையை நீட்டி நிறுத்துவேன். இரண்டாயிரமாவது வருஷம் ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மாலை, பெருநிலத்துப் படகுத்துறையில், அவளுடைய நீலக் காருக்கு முன்னால் கையை நீட்டினேன். பக்கத்து இருக்கையில் அவள் தங்கை கெனினா உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. புற்றுநோய்க்காக இன்வர்னெஸ் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு திரும்புகிறாள். என்றைக்கு விடுவார்கள் என்று தெரியாததால் முன்பதிவு செய்ய வழியில்லை. முன்னால் ஏறிப் போனவர்களெல்லாம் மார்ச் மாதமே இடம் பிடித்த விடுமுறைக்காரர்கள்.

"ஹெக்டர், இவளைப் பாரு," என்றாள் மர்டினா.

"பாத்துட்டேன். காருக்கும் இடமில்ல, ஆளுக்கும் இடமில்ல. விதி அப்படி."

"யாரு போட்ட விதி?"

"யாரும் போடல. எப்பவும் இப்படித்தான்."

"யாரும் போடலேன்னா இனிமே யாராவது போடணும்," என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கர்த்தரின் ஓய்வு நாள், எங்கள் தீவுக்குப் படகு கிடையாது. அன்று நாங்கள் கொடியில் துணிகூடப் போடமாட்டோம். ஆக, சனிக்கிழமை கடைசிப் படகு போனால் பிறகு திங்கள்தான். படகுத்துறை ஊரில் ஒரு அறைகூடக் காலியில்லை. அக்காவும் தங்கையும் இரண்டு இரவு காரிலேயே கிடந்தார்கள். திங்கட்கிழமை காலை நான் அவர்களை ஏற்றியபோது கெனினா என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

மர்டினா எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. நானும் அவளும் ஒரே வகுப்பு. அப்போதே வாத்தியாரிடம் ஏன், எதற்கு என்று கேட்டுப் பிரம்படி வாங்குவாள். எடின்பரோவில் எங்கள் பாராளுமன்றம் திறந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. சொந்தக் கட்டடம் இல்லாமல் சர்ச்சுக்காரர்களின் மண்டபத்தில் இரவலாக நடந்துகொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் அதற்கு மனுப் போடலாம் என்று ரேடியோவில் கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அந்தச் சபையின் விதிப் புத்தகம் பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் கிடந்தது. கிழங்கு வேகிற நேரத்தில் படிப்பாள். பக்கமெல்லாம் மாவுக் கைரேகை.

அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. கடைசிப் படகில் மூன்று கார் இடத்தை, ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவர்களுக்காக, புறப்பட அரை மணி நேரம் இருக்கும்வரை விற்காமல் வைக்க வேண்டும். அவ்வளவுதான். வீடு வீடாகப் போய் நானூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினாள். சர்ச்சு வாசலில் ஒரே நாளில் முடித்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து வாங்குவதும் வேலைதான் என்று சொல்லிவிட்டாள்.

என் வீட்டுக்கும் வந்தாள். கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு என்று நழுவினேன்.

"சரி, பயந்தாங்கொள்ளி. கையெழுத்து வேண்டாம், காரை மட்டும் ஓட்டு. எடின்பரோ தெருவுல எனக்கு ஓட்ட வராது," என்றாள். அதற்கு ஒத்துக்கொண்டேன்.

மனுக் குழுவில் ஏழெட்டுப் பேர் லாட வடிவ மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் அவளைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பக்குவமாகக் கையாண்டார்கள். லாஃபர்டி என்ற கிளாஸ்கோ உறுப்பினர் மட்டும் மனுவில் பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார்.

"அம்மா, என் தொகுதியில கீமோ முடிச்சவங்க ரெண்டு பஸ் மாறித்தான் வீட்டுக்குப் போறாங்க. அவங்களுக்கு யாரு இடம் பிடிச்சு வைக்கிறா? அதுவும் போக, ஞாயித்துக்கிழமை படகு வேண்டாம்னு கையெழுத்துப் போட்டவங்கள்ல நீங்களும் ஒருத்தர். அந்தப் படகு ஓடினா இந்த மனுவே தேவையில்லையே."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவளுக்கு இல்லை.

"போட்டேன் சார். நாளைக்குக் கேட்டாலும் போடுவேன். ஞாயித்துக்கிழமைய நான் உங்ககிட்ட கேக்கல, அது எங்ககிட்டயே இருக்கு. நான் கேக்கறது சனிக்கிழமைய. உங்க ஜனங்க ரெண்டு பஸ் மாறறது அநியாயம்னா அதுக்கும் ஒரு மனு எழுதுங்க. முதல் கையெழுத்து நான் போடறேன்."

லாஃபர்டி பேனாவை மூடி வைத்தார். மனு அடுத்த குழுவுக்குப் போயிற்று, அங்கிருந்து இன்னொரு குழுவுக்கு. ஒவ்வொரு முறையும் கடிதம் வரும், அவள் பதில் எழுதுவாள். படகுப் போக்குவரத்து மசோதா ஒன்று வந்தபோது, எங்கள் தீவின் உறுப்பினர் கில்லிஸ் அவள் கோரிக்கையை ஒரு திருத்தமாக அதில் கொடுத்தார். அதற்குள் இன்னொரு ஆகஸ்டும் போய் அடுத்த மே மாதம் வந்துவிட்டது. கெனினாவுக்குப் போயிருந்த நோய் திரும்ப வந்திருந்தது.

ஓட்டெடுப்பு வியாழக்கிழமை. நாங்கள் முந்தின நாளே போய்விட்டோம். கில்லிஸ் காலையில் கிளம்புவதாக இருந்தார். காலையில் புயல், படகு ரத்து. அவர் தீவிலேயே மாட்டிக்கொண்டார். திருத்தம் கொடுத்தவர் சபையில் இல்லாவிட்டால் அதைப் பேசாமலே தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"உக்காரு," என்றாள் மர்டினா. "அவர் இல்லேன்னா வேற எந்த உறுப்பினரும் அதை முன்மொழியலாம். புத்தகத்துல இருக்கு."

நேராகச் சபையின் உணவகத்துக்குப் போனாள். அங்கே லாஃபர்டி சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"என் திருத்தத்த நீங்க முன்மொழியணும் சார்."

"நான் அதுக்கு எதிரி. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். எதிர்த்தே ஓட்டுப் போடுங்க. ஆனா பேசாமயே அதைச் சாக விடாதீங்க. இந்தச் சபையில என் மனுவ முழுசாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான், குத்தம் கண்டுபிடிக்கிறதுக்காகவாவது."

அவர் சூப்பைக் கொஞ்ச நேரம் கிளறினார். "உங்க தங்கை எப்படி இருக்காங்க?"

"நாளைக்கு மருந்து. சனிக்கிழமை படகு."

பார்வையாளர் மாடத்தில் வாயைத் திறக்கக் கூடாது, கை தட்டக் கூடாது. மர்டினா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சபாநாயகர் கில்லிஸின் பெயரை அழைத்தார். லாஃபர்டி எழுந்தார்.

"நான் முன்மொழிகிறேன்," என்றார். "இதை எதிர்ப்பேன் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் எதிர்க்க எனக்கு ஒரு நியாயமான காரணம் வேண்டும். ஒன்றரை வருஷமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை."

அமைச்சர் எழுந்து, மனிதாபிமானம் சரிதான், ஆனால் படகு நேர அட்டவணையைச் சட்டத்தில் எழுத முடியாது என்றார். இன்னும் நாலைந்து பேர் பேசினார்கள். பிறகு ஓட்டு. ஒவ்வொரு உறுப்பினரும் மேசையிலுள்ள பெட்டியில் தன் அட்டையைச் சொருகிப் பொத்தானை அழுத்த வேண்டும். ஆதரவு ஐம்பத்தெட்டு, எதிர்ப்பு ஐம்பத்தெட்டு.

லாஃபர்டி பாய்ந்து எழுந்தார். மைக்குக்கும் அதே அட்டைதான்; பேசி முடித்ததும் பழக்கதோஷத்தில் அதை உருவிச் சட்டைப்பையில் போட்டிருக்கிறார். திரும்பச் சொருகாமலே பொத்தானை அழுத்தியிருக்கிறார். அட்டையைத் தூக்கிக் காட்டினார். முடிவு அறிவித்தது அறிவித்ததுதான் என்றார் சபாநாயகர். சமமாக வந்தால் தன் ஓட்டு உள்ளதை உள்ளபடி வைப்பதற்கே என்று சொல்லித் திருத்தத்தைத் தள்ளினார்.

எனக்கு மாடத்திலிருந்து குதித்து அந்த மனுஷனின் கழுத்தைப் பிடிக்கலாம் போலிருந்தது. மர்டினா எழுந்து வெளியே போனாள். தாழ்வாரத்தில் லாஃபர்டி சுவரோடு சாய்ந்து நின்றிருந்தார். அவரோடு ஏதோ பேசினாள். நான் போய்க் காரை எடுத்து வந்தேன். அவளையும் காரையும் இன்வர்னெஸ் ஆஸ்பத்திரியில் கெனினாவிடம் விட்டுவிட்டு நான் துறைக்குத் திரும்பினேன்.

சனிக்கிழமை நான் வேலையில் இருந்தேன். மே மாத வெயிலுக்கு விடுமுறைக்காரர்கள் குவிந்திருந்தார்கள். படகு நிரம்பியது. என் கையை நீட்ட வேண்டிய இடத்தில் நீலக் கார் நின்றது.

"மர்டினா, இடம்..."

"தெரியும். சொல்லாத."

கெனினா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தாள். "ஹெக்டர், எத்தனை ஓட்டுல தோத்தோம்? இவ சொல்ல மாட்டேங்கிறா."

"ஒரு அட்டையில," என்றேன்.

"ஒண்ணே ஒண்ணா? நான் நாப்பது அம்பதுன்னு நெனச்சு மனசு ஒடிஞ்சு போயிருந்தேன். அக்கா, அந்தப் பேப்பரக் குடு."

புது மனு. முதல் வரியில் லாஃபர்டி, கிளாஸ்கோ என்று இருந்தது. தாழ்வாரத்திலேயே வாங்கியிருக்கிறாள். இரண்டாவது வரியில் கெனினா தன் பெயரை முழுசாக எழுதினாள். அதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. மர்டினா தாளை ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள். படகு ஒருமுறை ஊதியது. கம்பெனிச் சட்டையோடு, கார் மூக்கின்மேல் தாளை வைத்து, மூன்றாவது வரியில் என் பெயரை எழுதினேன். கீழே என் வேலையையும் எழுதினேன்.

பிறகு படகில் ஏறி அதன் கதவைத் தூக்கி மூடினேன். இரண்டு பேரும் துறையில் சின்னதாகிக்கொண்டே போனார்கள்.

திங்கட்கிழமை முதல் படகில் அவர்களை ஏற்றினேன். கெனினா தூங்கிக்கொண்டிருந்தாள். மர்டினா தாளைக் காட்டினாள். அறுபத்தொரு கையெழுத்து, பாதிக்குமேல் அந்த வரிசையில் இடம் கிடைக்காமல் நின்ற வெளியூர்க்காரர்களுடையது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி இருந்தது. எல்லாம் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட வாங்கவில்லை.