எண்ணி வாங்கி, எடைபோட்டு விற்கிற தேங்காய்

என் தங்கை ஷம்னா எங்கள் ஊர் பெருமாட்டியில், எங்களைப் பெற்ற அத்தா குஞ்சு முகம்மதுவின் தேங்காய்க் கிடங்குக்கு மேலே உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறாள். கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஊர் வியாபாரிகளுக்கு ஊரிலிருந்தே ஒரு செயலி செய்துகாட்ட வேண்டும் என்ற பிடிவாதம். மலைமேல் உடும்பஞ்சோலையிலிருந்து வரும் ஏலக்காய்க்கும் மிளகுக்கும் அது நன்றாகவே ஓடியது.

போன வெள்ளிக்கிழமை தேங்காயையும் சேர்த்து வியாபாரிகளிடம் காட்ட வேண்டியிருந்தது. பிடித்தால் எல்லாக் கடைக்கும் அவள் செயலி. இல்லையென்றால் வெளியூர்க் கம்பெனியுடையது. அன்று காலை பார்த்து செயலி திறக்கவே இல்லை. நான் ஷார்ஜாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அவள் நிரலில் ‘சரக்கு’ என்று ஒரு தாய் வகுப்பு, அதாவது எல்லாச் சரக்குக்கும் பொதுவான அச்சு. அதிலுள்ள எடை, தரவுதளத்தில் ‘அளவு’ என்ற பெயரில் பதிவாகும். ஏலக்காய், மிளகு, தேங்காய் எல்லாம் பிள்ளை வகுப்புகள். தாயிடம் இருப்பது தானாகவே அவற்றுக்கும் வரும். தேங்காய்க்கு மட்டும் எண்ணிக்கை என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்தவள், அதையும் ‘அளவு’ என்றே பதியச் சொல்லிவிட்டாள். ஒரே பெயரில் இரண்டைப் பதிய முடியாது என்று, தரவுதளத்தில் எழுதிவைக்கும் மேப்பர் மறுத்துவிட்டது.

“தாய்ல இருக்கற எடைய எடுத்துட்டா ஓடிருமில்ல?” என்றேன்.

“ஓடும். அப்பறம் ஏலக்காய நீங்க வந்து எண்ணிக் குடுப்பீங்களாண்ணா?”

“சரி, தேங்காய்க்கு மட்டும் எடை வேண்டாம்னு எழுது.”

அதைத்தான் எழுதத் தொடங்கினாள். கீழேயிருந்து அத்தாவின் குரல் வந்தது.

“ஷம்னா, காய் எண்ணியாச்சு. வண்டிய எடைமேடைக்கு உடறேன்.”

அவள் விரல்கள் நின்றன.

“அண்ணா, தோப்புல எண்ணி வாங்கறோம். மார்க்கெட்டுல எடை போட்டு விக்கறோம். தேங்காய்க்கு ரெண்டும் வேணும்.”

எழுதியதை அழித்தாள். தாயின் எடையைத் தொடாமல் விட்டாள். தேங்காயின் எண்ணிக்கைக்கு மட்டும், எங்கள் ஊர் வழக்கப்படி, ‘எண்ணம்’ என்று தனிப்பெயர் கொடுத்தாள். மாற்றியது ஒரே ஒரு சொல். செயலி திறந்துகொண்டது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

வியாபாரிகள் வந்தார்கள். அவர்களில் மூத்தவர் குப்பண்ணன் திரையை உற்றுப் பார்த்தார்.

“ஏனம்மிணி, எண்ணமும் எடையும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. அப்ப ஒரு காய் என்ன எடை வருதுன்னும் சொல்லுமா?”

“சொல்லுமுங்க.”

“தோப்புக்காரங்ககிட்ட சொல்லீராத. வெலைய ஏத்திப்போடுவாங்க.”

அத்தாதான் முதலில் சிரித்தார். குப்பண்ணன் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“மொதல்ல எனக்குப் போட்டுக் குடு.”